மிஷோல் தொலைக்காட்சியின் நான்கு சனிக்கிழமைகள்

ஒரு பிஸ்கட் கம்பனியின் முறைப்பாட்டில்தான் எல்லாம் வெளியே வந்தது. வெள்ளிக்கிழமை பின்னேரம் மூன்றேகாலுக்குப் போகவேண்டிய எங்கள் விளம்பரத்தை நான்கு வாரமாகக் காணோம், அங்கே எல்லோரும் நித்திரையா என்று அன்ட்வேர்ப்பிலிருந்து ஒரு மின்னஞ்சல். 2007 ஒக்ரோபர் பத்தொன்பதாம் திகதி, அதுவும் ஒரு வெள்ளிக்கிழமை, காலை பத்தே முக்கால்.

குமுதினி அதைப் படித்துவிட்டுச் சிரித்தாள். விளம்பரக்காரர்கள் முறைப்பாடு செய்யாத வாரம் அவளுக்கு நினைவில்லை. லண்டன் பார்க் ரோயலில் ஒரு பழைய பண்டகசாலையின் முதல் மாடியில் இருந்த அந்த ஒளிபரப்பு நிலையத்திலிருந்து பத்தொன்பது சனல்கள் செய்மதிக்குப் போயின. போலிஷ், அரபு, தமிழ், குஜராத்தி என்று ஒவ்வொன்றும் ஒரு பாஷை. ஹீப்ருவில் போனது ஒன்றே ஒன்று, மிஷோல். அதன் நேரங்களுக்குப் பொறுப்பு குமுதினி. ஹீப்ருவில் அவளுக்குப் பத்துச் சொல்லுக்கு மேல் தெரியாது. அதற்கு அவசியமும் இல்லை. எது எத்தனை மணிக்குப் போகவேண்டும் என்பது தெரிந்தால் போதும்.

பதிவைத் திறந்து பார்த்தாள். மூன்றேகாலுக்குத் திரையில் ஏற்கெனவே அட்டை நின்றது. இரண்டு மெழுகுதிரிகளும் 'ஷபாத் ஷலோம்' என்ற எழுத்தும் உள்ள அட்டை. வெள்ளி மாலை தொடக்கம் சனி இருட்டும்வரை யூதர்களின் ஓய்வுநாள். அந்த நேரம் முழுவதும் மிஷோல் எதையும் ஒளிபரப்பாது, அந்த அட்டை மட்டும் நிற்கும். ஐரோப்பாவில் ஸ்டொக்ஹோமில் ஒரு நேரம் பொழுது சாயும், மட்ரிட்டில் இன்னொரு நேரம் சாயும். இந்தத் தலையிடியே வேண்டாம், ஜெரூசலத்து நேரம்தான் கணக்கு என்று சனலைத் தொடங்கியவர் முதல் நாளே தீர்த்துவிட்டார். ஆகவே ஜெரூசலத்து நேரத்தைப் போட்டால், கணினி அதிலிருந்து இரண்டு மணித்தியாலத்தைக் கழித்து லண்டன் நேரத்துக்கு அட்டையைப் போடும், சனிக்கிழமை அதே கணக்கில் எடுக்கும். அந்த 'இரண்டு' கணினித் திரையில் ஒரு சின்னப் பெட்டிக்குள் இருந்தது.

நான்கு வெள்ளிக்கிழமைகளும் அட்டை ஒரு மணித்தியாலம் முந்தி வந்திருந்தது. சரி, ஒரு மணித்தியாலம் கூடுதலாக ஓய்வெடுத்தார்கள், யாருக்கு என்ன நட்டம் என்று நினைத்துக்கொண்டே பிஸ்கட்காரனுக்கு மன்னிப்புக் கேட்டு எழுதத் தொடங்கினாள். இரண்டாவது வரியில் கை நின்றது. வெள்ளி ஒரு மணித்தியாலம் முந்தினால் சனியும் முந்தியிருக்கும்.

சனிக்கிழமை அட்டை ஒரு மணித்தியாலம் முந்தி எடுபட்டிருந்தால், ஓய்வுநாள் முடிவதற்கு முன்பே மிஷோல் ஒளிபரப்பத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். பதிவை உருட்டினாள். செப்டெம்பர் இருபத்திரண்டு, இருபத்தொன்பது, ஒக்ரோபர் ஆறு, பதின்மூன்று. நான்கிலும் பாட்டு, சமையல், கார் விளம்பரம் எல்லாம் முழுதாக ஒரு மணித்தியாலம் போயிருந்தது. முதல் சனிக்கிழமைக்குப் பக்கத்தில் சிவப்பில் ஒரு குறிப்பு: யோம் கிப்பூர். வருடத்திலேயே மிகப் புனிதமான உபவாச நாள் அது. அன்று இஸ்ரவேலில் வானொலிகூடப் பேசாது. மிஷோல் மட்டும் கத்தரிக்காய் வதக்கிக் காட்டியிருக்கிறது.

எப்படி நடந்தது என்பதைக் கண்டுபிடிக்க அவளுக்கு ஐந்து நிமிடம்கூடத் தேவைப்படவில்லை. இஸ்ரவேலில் கோடைகால நேரம் செப்டெம்பர் நடுவிலேயே முடிந்துவிடும். இங்கிலாந்தில் ஒக்ரோபர் கடைசி ஞாயிறுவரை இழுபடும். இடைப்பட்ட ஐந்தாறு வாரங்களுக்கு வித்தியாசம் இரண்டு மணித்தியாலம் அல்ல, ஒன்று. ஒவ்வொரு செப்டெம்பரும் மிஷோலின் ஜெரூசலத்து அலுவலகத்திலிருந்து இசபெல் என்ற கிழவி ஒரு தொலைநகல் அனுப்புவாள்: 'எங்கள் மணிக்கூடு மாறிவிட்டது. பெட்டியில் ஒன்று போடவும். உங்களுடையது மாறியதும் மறக்காமல் இரண்டு போடவும். பிள்ளைகள் சுகமா?' இந்த வருடம் அது வரவில்லை. சித்திரை மாதம் புதிய முதலாளிகள் செலவைக் குறைக்கிறோம் என்று அந்த அலுவலகத்தையே மூடி இசபெலை வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள்.

அப்படிச் சொல்லித் தப்பலாம். ஆனால் குமுதினிக்குத் தன்மேல்தான் ஆத்திரம் வந்தது. இரண்டு நேரம் என்றால் என்ன என்று அவளுக்கு யாரும் படிப்பிக்க வேண்டியதில்லை. தொண்ணூற்றாறில் கொழும்பு மணிக்கூட்டை முன்னுக்குத் தள்ளியபோது புலிகளின் கையிலிருந்த வன்னி தள்ளவில்லை. மல்லாவியிலிருந்து வவுனியாவுக்கு வந்தவர்கள் சோதனைச்சாவடியில் கையைத் தூக்குவதற்கு முதல் மணிக்கூட்டைத் திருப்புவார்கள். புது நேரமா, பழைய நேரமா என்று கேட்காமல் எந்த அலுவலுக்கும் போகாத அவள், ஒரு கிழவியின் தொலைநகலை நம்பிக்கொண்டு குந்தியிருந்திருக்கிறாள்.

இது வேறொரு வெள்ளிக்கிழமையாக இருந்திருந்தால் பெட்டியில் ஒன்று போட்டுவிட்டு, மேலதிகாரியிடம் நாலு ஏச்சு வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்பாள். இன்று இரண்டு மணிக்கு அதே கட்டடத்தின் கூட்ட அறையில் மிஷோல் கைமாற இருந்தது.

மிஷோல் சின்னச் சனல். அதற்குச் சொந்தம் கொண்டாடியவர்களின் கதைதான் பெரிது. தொண்ணூற்று மூன்றில் கோல்டர்ஸ் கிரீனில் ஒரு கம்பளக் கடைக்கு மேலே இரண்டு அறைகளில் யோனா லெஸ்கர் என்பவர் அதைத் தொடங்கினார். பிறகு பாதிப் பங்குக்கு மைத்துனன் வந்தான். வந்தவன் கோபித்துக்கொண்டு தன் பாதியைப் பாரிசில் ஒரு நகைக்கடைக்காரருக்கு விற்றான். அவருடைய பிள்ளைகள் அதை ஒரு லக்சம்பேர்க் கம்பனியின் தலையில் கட்டினார்கள். போன வருடம் ரொஸ்மோர் குழுமம் அந்தப் பாதியை வாங்கியது, ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்த லெஸ்கரிடம் இன்னும் பத்து வீதத்தையும் வாங்கியது. நூற்றுக்கு அறுபது அவர்கள் கையில். கிழவர் ஒரே ஒரு நிபந்தனையில் ஒற்றைக்காலில் நின்றார்: ஒரு வருடத்தில் மூன்று ஓய்வுநாள்களில் மிஷோல் ஒளிபரப்பினால், சனலின் பெயரும் உரிமமும் லெஸ்கர் குடும்பத்துக்கே திரும்பிவிடும். அடுத்த மாதமே அவர் இறந்துபோனார். மிச்ச நாற்பது மகள் தாஃப்னாவிடம் இருந்தது.

இப்போது ரொஸ்மோர் தன் அறுபதையும் ஒரு பெரிய தொலைக்காட்சி வலையமைப்புக்கு விற்கிறது. வாங்குகிறவர்களின் சட்டத்தரணி ஜெரூசலத்தில் ஒரேயொரு தாளுக்காகக் காத்திருந்தார். கடந்த பன்னிரண்டு மாதத்தில் எந்த ஓய்வுநாளும் மீறப்படவில்லை என்ற உறுதித்தாள். அதில் கையெழுத்து வைக்கவேண்டியவர், நேரங்களுக்குப் பொறுப்பானவர். லண்டன் நேரம் மூன்று மணிக்கு முன் தொலைநகலில் போய்ச் சேராவிட்டால், அந்த மனிதர் தன் ஓய்வுநாளுக்கு வீட்டுக்குப் போய்விடுவார், விற்பனை குழம்பும்.

அந்தத் தாளில் குமுதினியின் பெயர் ஏற்கெனவே தட்டெழுத்தில் அச்சாகிக் கிடந்தது.

பதினொன்றரைக்கு வைத்தியநாதனின் அறைக் கதவைத் தட்டினாள். அவர்தான் நிலையத்தின் செயற்பாட்டுத் தலைவர், கும்பகோணத்துக்காரர், கெட்ட மனிதர் அல்ல. ஆறு வருடத்துக்கு முன் இதே மாடியில் தரை துடைக்க வந்தவளை ஒளிநாடா அறைக்கு எடுத்து, அங்கிருந்து மேசைக்குக் கொண்டுவந்தவர் அவர். நவம்பரில் பிரிவுத் தலைவர் இடம் அவளுக்குத்தான் என்று போன கிழமைதான் சொல்லியிருந்தார். அந்த இடத்தை அவள் எவ்வளவு ஆசைப்பட்டாள் என்பது அவளுடைய வீட்டாருக்குக்கூட முழுதாகத் தெரியாது. ஜேர்மனியில் நான்கு வருடம், இங்கே ஆறு வருடம் அடுத்தவர் சொன்னதைச் செய்தவளுக்கு, தன் பெயர் போட்ட ஒரு கதவு.

"சேர், ஒரு பிழை நடந்துபோச்சு. என்ர பிழைதான்."

வைத்தியநாதன் முழுவதையும் கேட்டார். பிறகு எழுந்து கதவைச் சாத்தினார். சாத்தத் தேவையில்லை, அந்த மாடியில் தமிழ் தெரிந்தவர்கள் அன்றைக்கு அவர்கள் இரண்டு பேர்தான்.

"யாராவது புகார் பண்ணாங்களா? சனிக்கிழமை ஓடினதைப் பத்தி?"

"இல்லை சேர்."

"பண்ண மாட்டாங்க. யோசிச்சுப் பாருங்க. ஓய்வுநாளை மதிக்கிறவன் அன்னிக்கு டிவியே போட மாட்டான். டிவி போட்டவன் அதை மதிக்கிறவன் இல்ல. பின்ன யாருக்குத் தெரியும்?"

"எனக்குத் தெரியுமே."

"குமுதினி, இங்க பாருங்க. உறுதித்தாளோட போற பட்டியலை எந்த மெஷின் அடிக்குது? அதே மெஷின். அதே பெட்டியில இருக்கிற ரெண்டைக் கூட்டித்தானே ஜெரூசலம் நேரம் போடுது? அப்ப பட்டியல்ல எல்லாம் சுத்தமா இருக்கும். ஒரு வரி கூட சிவப்புல வராது. சரியா?"

"ஓம்."

"அப்ப முதல்ல அச்சடிங்க. கையெழுத்துப் போடுங்க. அதுக்கப்புறம் பெட்டியில ஒண்ணு மாத்துங்க. இன்னிக்கு அட்டை சரியான நேரத்துக்கு வந்துடும். காதும் காதும் வெச்ச மாதிரி முடிஞ்சிடும்."

"இண்டைக்கு அட்டை சரியா மூண்டு இருபத்தெட்டுக்கு வரவேணும் சேர். இப்ப இருக்கிறபடி விட்டால் ரெண்டு இருபத்தெட்டுக்கு வந்திடும். கூட்ட அறையில திரை இருக்கு."

"அதான் சொல்றேன். ரெண்டு இருபத்தெட்டுக்குள்ள மாத்திடுங்க. ஆனா அச்சடிச்ச பிறகு. வரிசை தப்பக்கூடாது." அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். கண்கள் சிவந்திருந்தன. "எனக்கு ரெண்டு வருஷத்துல ரிட்டயர்மென்ட். இந்த நிலையத்தோட பெரிய வாடிக்கையாளர் ரொஸ்மோர். அவங்க ஏழு சனல் இங்க ஓடுது. ஏழையும் எடுத்துட்டுப் போனா இந்த மாடியில பாதிப்பேர் வீட்டுக்குப் போகணும். நீங்க பொய் எழுத வேண்டாம். மெஷின் என்ன அடிக்குதோ அதுக்குக் கீழ கையெழுத்துப் போடுங்க. அவ்வளவுதான் நான் கேக்கறேன்."

அவர் மிரட்டியிருந்தால் குமுதினிக்குச் சுலபமாக இருந்திருக்கும். கெஞ்சிவிட்டார்.

மேசைக்குத் திரும்பி வந்து பெட்டியின் முன்னால் குந்தினாள். 2. வெள்ளைப் பின்னணியில் அந்த இலக்கம் ஒன்றும் தெரியாததுபோல் இருந்தது. மத்தியானச் சாப்பாட்டுக்கு எல்லோரும் போனார்கள். அவள் கட்டிக்கொண்டு வந்த புட்டு அப்படியே கிடந்தது. யாருக்குத் தெரியும் என்று வைத்தியநாதன் கேட்டது சரிதான். ஒருவருக்கும் தெரியாது. லெஸ்கர் உயிரோடு இல்லை. இசபெல் வீட்டில். பிஸ்கட்காரனுக்கு வெள்ளிக்கிழமை மட்டும்தான் முக்கியம். அவள் கையெழுத்து வைத்தால் வானம் இடிந்து விழாது. நவம்பரில் கதவில் பெயர் வரும். மகள் கோசிகா வந்து அதைக் கைத்தொலைபேசியில் படம் எடுப்பாள்.

அதோடு, இது அவளுடைய சண்டையே இல்லை. ரொஸ்மோரும் லெஸ்கரும் அடிபடட்டும். பணக்காரர்களுக்கு நடுவில் கையெழுத்து வைக்க ஒருத்தி தேவைப்படுகிறாள், அவ்வளவுதான்.

ஒன்றரை ஆகியது. ஒன்று நாற்பது. அவளுக்கு அந்தக் கிழவர்தான் திரும்பத் திரும்ப நினைவில் வந்தார். ஒரேயொரு தடவை நிலையத்துக்கு வந்தார். திரையில் அட்டை வந்ததும் தொப்பியைச் சரிசெய்துகொண்டு, "நன்றி, இனி நான் ஓய்வெடுக்கலாம்" என்று அவளைப் பார்த்துச் சொன்னார். முதலாளி என்று எவரும் அதுவரை அவளுக்கு நன்றி சொன்னதில்லை. யோம் கிப்பூர் அன்று அவருடைய சனல் கத்தரிக்காய் வதக்கியது அவளுடைய கையால். அதை மறைத்து ஒரு தாளில் பெயர் எழுதிவிட்டு அந்தக் கதவுக்குப் பின்னால் எத்தனை வருடம் குந்தியிருப்பது? அவளுக்கு அழுகை வந்தது, கோபமும் வந்தது, இரண்டும் யார்மேல் என்று அவளுக்கே பிடிபடவில்லை.

ஒன்று ஐம்பத்திரண்டுக்குப் பெட்டியில் இரண்டை அழித்தாள். ஒன்று போட்டாள். அதற்குப் பிறகுதான் ஜெரூசலத்து மணிக்கூடு மாறியபின் வந்த வாரங்களை மட்டும் தெரிந்து, அச்சடிக்கும் பொத்தானைத் தட்டினாள். பட்டியல் மெல்ல வெளியே வந்தது. நான்கு வரிகள் சிவப்பில் இருந்தன. உறுதித்தாளில் 'எந்த ஓய்வுநாளும் மீறப்படவில்லை' என்ற வரியைப் பேனாவால் வெட்டி, மேலே 'நான்கு ஓய்வுநாள்கள், தலா ஒரு மணித்தியாலம், என் தவறு' என்று ஆங்கிலத்தில் எழுதிக் கையெழுத்து வைத்தாள்.

கூட்ட அறையில் ஆறு பேர் இருந்தார்கள். ரொஸ்மோரின் பிரதிநிதி ஹார்வி ஸ்டெய்ன், அவருடைய சட்டத்தரணி, எதிரே தாஃப்னா லெஸ்கர், அவளுடைய சட்டத்தரணி. மூலையில் குறிப்பெடுக்கும் ஒரு பெண். கதவோரம் வைத்தியநாதன். தாஃப்னாவுக்கு ஐம்பது வயதிருக்கும். தலையைத் துணியால் இறுக்கிக் கட்டியிருந்தாள், கைப்பையை மடியில் இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். சுவரில் இருந்த திரையில் மிஷோல் சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது.

"அந்தத் தாளைத் தாருங்கள்" என்று ஸ்டெய்ன் கையை நீட்டினார். "நேரமாகிறது."

குமுதினி கொடுக்கவில்லை. நின்றபடியே வாசித்தாள். நான்கு திகதிகள், நான்கு நேரங்கள். முதலாவதற்குப் பக்கத்தில் யோம் கிப்பூர் என்பதையும் விடாமல் வாசித்தாள். ஒரு திகதியையும் விழுங்கவில்லை.

வைத்தியநாதன் கண்ணை மூடிக்கொண்டார்.

"இது இயந்திரக் கோளாறு" என்றார் ஸ்டெய்ன்.

"இயந்திரம் சரி. நான்தான் நேரத்தை மாற்ற மறந்தேன். ஒவ்வொரு வருடமும் ஜெரூசலத்து அலுவலகம் ஞாபகப்படுத்தும். நீங்கள் அதை மூடிவிட்டீர்கள். ஆனாலும் பார்க்கவேண்டியது என் வேலை."

தாஃப்னா மடியிலிருந்த கைப்பையைத் திறந்தாள். நான்கு டிவிடி தட்டுகளை எடுத்து மேசையில் வரிசையாக அடுக்கினாள். ஒவ்வொன்றின் மேலும் நீல மையில் திகதி எழுதியிருந்தது. "என் அப்பா இறந்த நாளிலிருந்து ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் மெழுகுதிரி ஏற்றுவதற்கு முன் பதிவுக்கருவியில் நேரம் வைத்துவிடுவேன். ஓய்வுநாளில் நான் அதைத் தொடுவதில்லை. அது தானாகப் பதியும். நான்கும் இதில் இருக்கிறது. நீங்கள் பொய்த்தாள் கொடுத்திருந்தால் இதைப் போட்டுக் காட்டியிருப்பேன்."

அவளுடைய சட்டத்தரணி சாய்ந்து உட்கார்ந்தார். வேலை முடிந்துவிட்டது என்ற தோரணை. மூன்று தேவை, நான்கு இருக்கிறது. பெயரும் உரிமமும் திரும்பி வரும். அறையில் எல்லோருக்கும் அது விளங்கியது.

குமுதினி தட்டுகளையே பார்த்துக்கொண்டு நின்றாள். செப்டெம்பர் 22. செப்டெம்பர் 29. ஒக்ரோபர் 6. ஒக்ரோபர் 13. தன் தலை தப்பியது என்ற நினைப்புத்தான் முதலில் வந்தது. பொய்க் கையெழுத்து வைத்திருந்தால் இந்நேரம் கையும் களவுமாகப் பிடிபட்டிருப்பாள். அதற்குப் பின்னால் இன்னொன்று வந்தது. அதை அடக்க அவள் முயற்சி செய்யவில்லை.

"மிஸ் லெஸ்கர், முதலாவது தட்டை எப்போது போட்டுப் பார்த்தீர்கள்?"

"அதற்குப் பதில் சொல்லவேண்டாம்" என்று தாஃப்னாவின் சட்டத்தரணி உடனே சொன்னார். ரொஸ்மோரின் சட்டத்தரணி பேனாவை எடுத்தார்.

"என் மேசைத் தொலைபேசி இலக்கம் உங்கள் அப்பாவிடம் இருந்தது, உங்களிடமும் இருக்கிறது. ஒரு தடவை அடித்திருந்தால் ஒரு நிமிடத்தில் திருத்தியிருப்பேன். முதலாவது என் பிழை, மிஸ் லெஸ்கர். மற்ற மூன்றும் உங்களுடையவை."

தாஃப்னாவின் சட்டத்தரணி அவளுடைய கையைத் தொட்டார். அவள் அந்தக் கையை விலக்கினாள். அவளுக்கு அப்பனின் முகவெட்டு அப்படியே இருந்தது.

"அன்றிரவே பார்த்தேன்" என்றாள். "மூன்று வேண்டியிருந்தது. காத்திருந்தேன்."

ரொஸ்மோரின் சட்டத்தரணி அதை எழுதிக்கொண்டார். வலைவிரித்துக் காத்திருந்தவருக்கு நிபந்தனையின் பலன் கிடையாது, இது நீதிமன்றத்துக்குப் போகவேண்டிய விடயம் என்றார். தாஃப்னாவின் சட்டத்தரணி அப்படியொரு சட்டமே இல்லை என்றார். இருவரும் எழுந்து நின்று கத்தினார்கள். ஜெரூசலத்துக்குத் தொலைநகல் போகவில்லை, விற்பனை நின்றது. மிஷோல் யாருடையது என்று அந்த அறையில் எவராலும் சொல்ல முடியாத நிலை வந்தது. ஒன்றில் மட்டும் ஸ்டெய்னுக்குச் சந்தேகம் இருக்கவில்லை. அவர் குமுதினியைக் காட்டி வைத்தியநாதனிடம், "இவர் இன்றைக்கே போகவேண்டும்" என்றார்.

வைத்தியநாதன் அவளுடைய அடையாள அட்டையை வாங்கும்போது முகத்தைப் பார்க்கவில்லை.

"வரிசையை மாத்தாதீங்கன்னு சொன்னேனே."

"சொன்னீங்கள் சேர்."

"உங்களை நான்தானே கொண்டுவந்தேன். இந்த மாடிக்கு."

கோட்டை மாட்டிக்கொண்டு படியால் இறங்கினாள். மூன்று மணிக்கு வேலையில்லாத ஒருத்தியாக வீதியில் நின்றாள்.

பிக்கடிலி ரயிலில் இடம் இருந்தது. எதிரே இருந்தவன் இலவசப் பத்திரிகையை விரித்துப் பிடித்திருந்தான். அதன் பின்பக்கத்தில் ஒரு கட்டில் கடை விளம்பரம்: இருபத்தெட்டாம் திகதி மணிக்கூடு பின்னுக்குப் போகிறது, ஒரு மணித்தியாலம் கூடுதலாகத் தூங்குங்கள்.

குமுதினி அதை இரண்டாம் தடவை வாசித்தாள். இருபத்தெட்டாம் திகதி லண்டன் மணிக்கூடு மாறும். அதன்பிறகு ஜெரூசலத்துக்கும் லண்டனுக்கும் வித்தியாசம் மறுபடி இரண்டு. பெட்டியில் அவள் இன்று போட்ட ஒன்றை எடுத்து இரண்டு போடவேண்டும். போடாவிட்டால் நவம்பர் முதல் வெள்ளிக்கிழமை அட்டை ஒரு மணித்தியாலம் பிந்தி வரும். ஓய்வுநாள் தொடங்கிய பிறகும் ஒரு மணித்தியாலம் மிஷோல் ஓடும். அடுத்த வெள்ளியும், அதற்கடுத்த வெள்ளியும்.

மூன்று வெள்ளிக்கிழமை. இசபெல் இல்லை. குமுதினி இல்லை. அந்த மாடியில் வேறு ஒருவருக்கும் அந்தப் பெட்டியைப் பற்றி முழுதாகத் தெரியாது. வைத்தியநாதனுக்கே இன்று காலை அவள் சொல்லித்தான் தெரியும். அங்கே தாஃப்னா ஒவ்வொரு வெள்ளியும் கருவியில் நேரம் வைப்பாள், இந்தமுறை சட்டத்தரணி சொன்னபடி வாயைத் திறக்கமாட்டாள். நீதிமன்றம் ரொஸ்மோரைக் கிழித்துப் போடும். ஸ்டெய்ன் கையை நீட்டி 'இவர் இன்றைக்கே போகவேண்டும்' என்ற அந்தக் குரலோடு போய் நடுத்தெருவில் நிற்பார். ஏழு சனலும் போகும், வைத்தியநாதனின் இரண்டு வருடமும் போகும். குமுதினி செய்யவேண்டியது ஒன்றுமில்லை. கோலியர்ஸ் வுட்டில் இறங்கி, வீட்டுக்குப் போய்ச் சும்மா இருந்தால் போதும்.

அக்டன் டவுன் போனது. டேர்ன்ஹம் கிரீனில் நிற்காமலே போனது. வெட்கமில்லாமல் சொல்லப்போனால், அவள் அந்த நினைப்பை நன்றாக அனுபவித்தாள். வாயில் வெல்லக்கட்டி போட்டதுபோல் இருந்தது. ஹமர்ஸ்மித் வந்தபோது மணி பார்த்தாள், மூன்று இருபத்தொன்பது. ஜெரூசலத்தில் ஓய்வுநாள் தொடங்கி ஒரு நிமிடம் ஆகியிருந்தது. தாஃப்னாவும் இப்படித்தான், அந்த முதல் இரவு தட்டைப் பார்த்துவிட்டு, தொலைபேசியைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டு இருந்திருப்பாள். பிறகு அதை வைத்துவிட்டிருப்பாள்.

பாரன்ஸ் கோர்ட் தாண்டினால் ரயில் நிலத்துக்கு அடியில் போய்விடும், தொலைபேசி வேலை செய்யாது. வீட்டுக்குப் போய் எடுக்கலாம்தான். ஆனால் இப்போது எடுக்காவிட்டால் பிறகு எடுக்கமாட்டாள் என்று அவளுக்கு நன்றாகத் தெரிந்தது.

ஹமர்ஸ்மித்தில் கதவு மூடுவதற்குள் பாய்ந்து இறங்கினாள். மேடையில் நின்று வைத்தியநாதனை அழைத்தாள். ஆறு தடவை அடித்த பிறகுதான் எடுத்தார்.

"சேர், பேனா இருக்கோ? இருபத்தெட்டாம் திகதி ஞாயிறு இங்கத்தை மணிக்கூடு மாறுது. திங்கள் காலமை அந்தப் பெட்டியில ஒண்டை எடுத்திட்டு ரெண்டு போடவேணும். மறந்தால் வெள்ளிக்கிழமை திரும்பவும் உதே பிரச்சினை."

ரயில் ஒன்று வந்து போனது.

"இதை ஏன் எனக்குச் சொல்றீங்க, குமுதினி?" என்றார். "உங்களை அனுப்பினது நான்."

"எழுதினீங்களோ சேர்?"

"நீங்க சொல்லாம விட்டிருந்தா..."

"சேர், எழுதினீங்களோ?"

"எழுதறேன்."

"திருப்பி வாசியுங்கோ."

அவர் வாசித்தார். திகதியைப் பிழையாக எழுதியிருந்தார். அவள் திருத்திச் சொல்லி, மறுபடி வாசிக்கச் சொன்னாள்.